எதிர்வீட்டுக்குக் கொடுத்த மல்லிகை மொட்டு

பூ கொடுத்ததற்காக எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நடந்தது போன வருடம் பங்குனி மாதம், திண்டுக்கல்லில், நாங்கள் குடியிருக்கும் தெருவில். நாங்கள் என்று எழுதிவிட்டேன், பழக்கம் போகவில்லை. அதற்கு முந்தைய ஐப்பசியில் என் மனைவி இறந்துபோனாள். வீட்டில் இப்போது நான் ஒருவன்தான். ஒரே மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

நான் பேருந்துப் பணிமனையில் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தத் தட்டில் எந்த பேரிங் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பூச்செடி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது மொட்டை மாடியில் இருக்கிறது, துணி காயப்போடப் போனால் காலில் இடிக்கிறது என்பதுதான். அது என் மனைவியின் உலகம். பழைய பெயின்ட் வாளி, உடைந்த குடம், பாதியாக அறுத்த டிரம் என்று கிடைத்ததிலெல்லாம் மண்ணைப் போட்டு வைத்திருந்தாள். இரண்டு நாட்டு ரோஜா, கொஞ்சம் கனகாம்பரம், ஒரு செம்பருத்தி. மற்றதெல்லாம் குண்டுமல்லி.

நிலக்கோட்டைப் பக்கம் போனால் காடு காடாக மல்லிகைதானே, திண்டுக்கல்காரனுக்குப் பூ வளர்க்கச் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்பீர்கள். அங்கே இருப்பது தோட்டத்து மண், கிணற்றுத் தண்ணீர். டவுனுக்குள் மொட்டை மாடி என்பது வேறு கதை. எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. சித்திரையில் தளத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. மழை சிறுமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு நிற்கும், நாம் துணியெல்லாம் எடுத்து வைத்த பிறகு வராமல் போய்விடும். ஆடிக் காற்று வந்தால் தொட்டியே உருளும்.

குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் மனைவி மாடியில் இருக்கும் நீல டிரம்மையும் ரொப்பிவிடுவாள். படி ஏறி ஏறிக் குடத்தால் ஊற்றுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"குடிக்கவே தண்ணியில்ல, ஒன் செடிக்கு நல்ல தண்ணி கேக்குதா?" என்று கத்துவேன்.

"செடியும் குடிக்கத்தானங்க செய்யுது" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள். டிரம் நிரம்பியிருக்கும்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனேன். செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. மனம் கேட்கவில்லை. மோட்டாரைப் போட்டு, குழாயை மாட்டி, எல்லாத் தொட்டிக்கும் வழிய வழிய ஊற்றினேன். அன்றிலிருந்து காலையும் மாலையும் இதே வேலை. அவள் குடத்தில் சுமந்து ஊற்றியதைவிட நான்கு மடங்கு ஊற்றியிருப்பேன். எனக்குள் ஒரு பெருமை வேறு.

ஆனால் செடி தேறவில்லை. இலையின் ஓரமெல்லாம் நெருப்பு பட்ட மாதிரி பழுப்பாகிச் சுருண்டது. மண்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. எனக்குப் புரியவே இல்லை. தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் சரி, இம்புட்டு ஊற்றியும் எப்படிக் காயும்? நர்சரிக்காரரிடம் கேட்டால் தண்ணீர் அதிகம் என்றார். உரக்கடையில் கேட்டால் சத்துக் குறைவு என்று ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். கைப்பேசியில் ஒரு அம்மாள் மோரைக் கரைத்து ஊற்றச் சொன்னார், இன்னொருவர் மோரைத் தொடவே கூடாது என்றார். நான் ஒருத்தர் சொன்னதன் மேலேயே இன்னொருத்தர் சொன்னதையும் போட்டேன். செடிக்கே தலை சுற்றியிருக்கும்.

மார்கழியில் ஒருநாள் காலை மாடிக்குப் போனவன், குச்சி குச்சியாக நின்ற மல்லிகைகளைப் பார்த்தேன். திடீரென்று அப்படி ஒரு கோபம். யார்மேல் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கத்தரியை எடுத்து வந்து வரிசையாக எல்லாவற்றையும் முழங்கை உயரத்துக்கு வெட்டித் தள்ளினேன். வெட்டி முடித்துவிட்டு அந்தக் குப்பைக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் இறந்த அன்றுகூட அப்படி அழவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குளிக்க வெந்நீர் போடும்போது ஹீட்டர் கம்பியைப் பார்த்தேன். அதன்மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததும் தொட்டி மண்ணில் பூத்திருந்ததும் ஒன்றேதான். உப்பு. நான் பாசமாக ஊற்றியது அத்தனையும் உப்பு. நீல டிரம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேல் மண்ணைச் சுரண்டி எறிந்தேன், ஆட்டு எரு கொண்டுவந்து போட்டேன். குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் படியேறினேன். அரிசி கழுவிய தண்ணீரையும் விடவில்லை.

தை பிறந்ததும் அந்தக் குச்சிகளில் பச்சையாகத் துளிர் வந்தது. மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அம்மாவும் மார்கழிலதாம்பா வெட்டிவிடுவாங்க. அப்பத்தான் பங்குனில பூக்கும்பாங்க" என்றாள்.

நான் கோபத்தில் செய்ததும் அவள் அம்மா பக்குவமாகச் செய்ததும் செடிக்கு ஒன்றாகவே இருந்திருக்கிறது. இதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் போனை வைத்தேன்.

மாசி கடைசியில் மொட்டு வைத்தது. பங்குனியில் கொட்டியது. சாயங்காலம் நான்கு மணிவாக்கில் பறித்தால் ஒரு சின்னப் பாத்திரம் நிறையும். ஒவ்வொன்றும் உருண்டையாக, வெள்ளையாக. ஒரு கைப்பிடி மனைவி படத்துக்கு வைத்தேன். மீதியை என்ன செய்வது? எனக்குக் கட்டத் தெரியாது. அவள் இருந்தபோது சாயங்காலம் கிண்ணங்களில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவது ஞாபகம் வந்தது. பக்கத்து வீடு, எதிர்வீடு, முனையில் இருக்கும் பாய் வீடு. இந்த மூன்று வீட்டுக்கும் கட்டாயம் போகும். அதற்கு முந்தின வாரம்தான் கொல்லையில் காய்த்த முருங்கைக்காயை இதே வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். எல்லோரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். அதே மாதிரிதானே என்று அவளுடைய எவர்சில்வர் கிண்ணங்களையே எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

முதலில் பாய் வீடு. தோல் வியாபாரம் செய்பவர், என் வயதுக்காரர். அவரே வாசலுக்கு வந்தார். "அட, மொட்டு! மாஷா அல்லாஹ், என்ன பெருசு! வீட்ல பேத்தி பூவு பூவுன்னு உசுர வாங்குதுங்க" என்று என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பக்கத்து வீட்டம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். என்னை அண்ணே என்றும் என் மனைவியை மதினி என்றும் கூப்பிடுபவர். இருபது வருடப் பழக்கம். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அந்தப் படில வச்சுட்டுப் போங்கண்ணே. கை ஈரமா இருக்கு" என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

எதிர்வீட்டில் இருப்பது புதிதாகக் கல்யாணமானவர்கள். பையன் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். அந்தப் பெண்ணுக்குப் பிறந்த ஊர் சின்னாளப்பட்டி. ஆவணியில் கல்யாணமாகி வந்த இரண்டே மாதத்தில் என் மனைவியோடு பெரியம்மா பெரியம்மா என்று ஒட்டிக்கொண்டவள். அவள் மட்டும் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். கண் கலங்கிவிட்டது.

"பெரியம்மா தெனமும் குடுப்பாக பெரியப்பா. இனிமே யாரு குடுப்பான்னு நெனச்சேன்" என்றாள்.

அப்புறம் என்ன, நான் தினமும் போக ஆரம்பித்தேன். சாயங்காலம் ஆனால் எனக்கு ஒரு வேலை இருந்தது. தெருவில் மூன்று கதவு எனக்காகத் திறக்கிறது என்ற நினைப்பு. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தனியாக இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு வாரம் போயிருக்கும். பக்கத்து வீட்டில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி ஓடியது. தட்டினேன், டிவி சத்தம் குறைந்தது, கதவு திறக்கவில்லை. மறுநாள் காலை டீக்கடையில் அந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார். நாக்கு வெந்திருக்கும். எதிர்வீட்டுப் பையன் வழக்கமாக, "சார், போன் நல்லா ஓடுதா?" என்று கேட்பவன், வண்டியை எடுத்தவன் திரும்பியே பார்க்கவில்லை. பாய் மட்டும் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். செடிக்குப் பூச்சி வராமல் இருக்க வேப்பெண்ணெய் தெளித்திருந்தேன். அந்த நாற்றம் தலையில் ஏறியிருக்கும், சொல்லச் சங்கடப்படுகிறார்கள். பாய் வீட்டில் பொறுத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. இப்படி நினைத்துக்கொண்டு மறுநாள் மொட்டுகளைத் தண்ணீரில் போட்டு நன்றாக அலசினேன். அலசிய மொட்டெல்லாம் இருட்டுவதற்குள் பழுத்துப்போனது. பக்கத்து வீட்டம்மா குப்பை கொட்ட வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, பூவுல வேப்பெண்ண வாட அடிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. அடுப்புல வெஞ்சனம் கெடக்கு, வாரேன்" என்று ஓடாத குறையாகப் போனார்.

அன்று ராத்திரி எதிர்வீட்டில் சத்தம் கேட்டது. பையன் ஏதோ கத்துகிறான், அந்தப் பெண் அழுகிறாள். வார்த்தை காதில் விழவில்லை. ஒரு பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது மட்டும் நன்றாகக் கேட்டது. காலையில் கதவைத் திறந்தால் என் வாசல்படியில் என் மனைவியுடைய கிண்ணம் ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. செத்த நேரத்தில் எதிர்வீட்டு முன்னால் ஆட்டோ வந்தது. அந்தப் பெண் ஒரு பையோடு தன் அப்பாவுடன் ஏறினாள். நான் என்னம்மா என்று வாயைத் திறப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னை வைத்துத்தான் ஏதோ நடக்கிறது என்று தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை. அந்த நிலைமை மகா மோசமானது. தப்பு என்னவென்று தெரிந்தாலாவது ஒத்துக்கொள்ளலாம், இல்லை சண்டைக்குப் போகலாம்.

மத்தியானம் மகள் போன் செய்தாள். பக்கத்து வீட்டம்மா அவளிடம் பேசியிருக்கிறார்.

"அப்பா, தெருவுல எல்லாருக்கும் பூ குடுக்குறீங்களாமே?"

"ஆமா. ஒங்கம்மா குடுக்கலையா?"

"அம்மா குடுக்கலாம். நீங்க குடுக்கலாமாப்பா?"

"ஏன், என் கையில என்ன சேறா இருக்கு? முருங்கக்கா குடுத்தேன், வாங்குனாங்கள்ல. அதுவும் இந்த வீட்டுல காச்சதுதான?"

"முருங்கக்காய யாரும் தலையில வைக்க மாட்டாங்கப்பா" என்றாள்.

என்னம்மா சொல்ற என்றேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒரு பெண்ணுக்கு ஒரு ஆண் பூ கொடுத்தால் அது புருஷனாக இருக்க வேண்டும், இல்லை பெற்றவனோ கூடப்பிறந்தவனோவாக இருக்க வேண்டும். "அதுவும் அம்மா போயி ஆறு மாசங்கூட ஆகல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவள் சொல்லாமல் விட்டது எனக்குப் புரிந்துவிட்டது. உடம்பெல்லாம் எரிந்தது.

நான் விடவில்லை. பூக்காரர் ஆண்தானே, தெருவெல்லாம் அவர் கொடுக்கவில்லையா என்றேன். அது வியாபாரம் என்றாள். கோயிலில் ஐயர் கொடுக்கிறாரே என்றேன். அது சாமி பூ என்றாள். பக்கத்து வீட்டம்மா என்னை அண்ணே என்றுதானே கூப்பிடுகிறார், அப்புறம் என்ன என்றேன். கூப்பிட்டால் போதுமா என்றாள். பாய் வீட்டில் மட்டும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். அங்கே யார் கையில் கொடுத்தீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். பாய் கையில். அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது, விளங்கியதும் இன்னும் குழம்பியது. அறுபது வயது வரை இந்த ஊரிலேயே இருந்திருக்கிறேன். பஸ்ஸில், கல்யாண வீட்டில், கோயிலில் எத்தனை தலையில் எவ்வளவு பூவைப் பார்த்திருப்பேன். அது எப்படி எந்தக் கை வழியாக அங்கே போகிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை.

அன்றைக்குப் பூப் பறிக்கவில்லை. இனி பறிப்பதில்லை, செடிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பொழுது சாய்ந்ததும் மாடியில் மொட்டெல்லாம் விரிந்து, வாசனை படி வழியாகக் கூடத்துக்கு இறங்கி வந்தது. கூடத்தில்தான் அவள் படம் இருக்கிறது. "எனக்கு எதத்தான் நீ சொல்லிக் குடுத்துட்டுப் போன?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

வாசலில் நிழல் தெரிந்தது. பக்கத்து வீட்டம்மாவும் அவர் வீட்டுக்காரரும் நின்றார்கள். சேர்ந்து வந்திருந்தார்கள். பெண் இல்லாத வீட்டுக்கு அப்படித்தான் வர வேண்டும் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"அண்ணே, நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுக் குடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நாலு பேரு பாக்குறாகள்ல. நான் எப்புடி மூஞ்சிக்கு நேரா சொல்றது?" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே, "டீக்கடைல ரெண்டு பேரு கேலியாப் பேசுனாய்ங்க. ஒங்ககிட்ட வந்து சொல்ல எனக்கு நாக்கு வரல" என்றார்.

அந்த அம்மா என் மனைவியின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "மதினி மஞ்சக் குங்குமத்தோட போன மகராசி. நீங்க பறிச்சு அவுக படத்துக்கு முன்னாடி வச்சுருங்க. நாங்க வந்து கும்புட்டு எடுத்துக்கிறோம். அது மதினி குடுத்த பூ. அத வேணாம்னு எவ சொல்லுவா?"

இதே பூ. இதே கிண்ணம். நடுவில் ஒரு படம். அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு இதில் எது நியாயம் என்று பிடிபடவில்லை, ஆனால் அழுகை வந்தது. சரிம்மா என்றேன். எதிர்வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தப் புள்ளதேன் பாவம். செல்போன் கடைல எவனோ, ஒன் வீட்டுக்குப் பெருசு தெனமும் மல்லியப்பூ குடுக்குதாமேன்னு பல்லக் காட்டிருக்கான். இவன் வந்து கிண்ணத்த விட்டெறிஞ்சிருக்கான். அவ, அது பெரியம்மா பூ, நான் வைக்கத்தேன் செய்வேன்னு நின்னுருக்கா. சண்ட பெருசாகிப் போச்சு."

நான் போய்ப் பேசவா என்று கேட்டேன். அந்த அம்மா போங்க என்றார். வீட்டுக்காரர் போகாதீங்க என்றார். இருவரும் அதே வாசலில் அதே நேரத்தில் சொன்னார்கள்.

மறுநாள் முழுக்க அதே யோசனை. போனால் தப்புச் செய்தவன் மாதிரி ஆகும். போகாவிட்டால் வாழ வந்த ஒரு பெண் என் கிண்ணத்தால் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருப்பாள். போகலாம் என்றால் எதைச் சொல்வது? நான் உன் மனைவிக்குப் பூ கொடுத்தது கெட்ட எண்ணத்தில் இல்லை என்று ஒரு வாலிபனிடம் வாயைத் திறந்து சொல்ல முடியுமா? சொன்னாலே அது வேறு மாதிரி ஆகிவிடாதா? நான்கு மணிக்குக் கால் தானாக மாடிக்குப் போனது. பறித்தேன். ஒரு பங்கை மனைவி படத்துக்கு முன்னால் வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தேன். ஒரு பங்கை வாழையிலைத் துண்டில் மடித்து, நூல் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

கடையில் கூட்டம் இல்லை. பையன் ஒரு போனைக் கழற்றிப் போட்டுக் குனிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"சொல்லுங்க சார்."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. இலைப் பொட்டலத்தை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தேன். அவன் அதையே பார்த்தான்.

"தம்பி, எனக்கு இந்த மொற தெரியாம போச்சு. அவ இருந்தா அவ பாத்துக்கிருவா. இது ஒன் வீட்டுக்கு. இத ஒன் கையில குடுக்குறேன், நீ ஒன் கையால குடு" என்றேன்.

அவன் பொட்டலத்தைத் தொடவில்லை. ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அது ஊர்ல இல்ல சார்" என்றான் கடைசியில்.

"சின்னாளப்பட்டி என்ன சீமையிலயா இருக்கு? பஸ்ஸு நிக்கிது. ஏழு மணிக்கெல்லாம் மொட்டு விரிஞ்சிரும். அதுக்குள்ள போனாத்தேன் கட்ட முடியும்."

இதை ஏன் சொன்னேன் என்று தெரியாது. சமாதானம் பேசப் போனவன் மொட்டு விரியும் நேரத்தைச் சொல்லிவிட்டு நிற்கிறேன். அவன் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. நான் திரும்பி நடந்துவிட்டேன். அவன் அந்தப் பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டானா, ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் ஏறினானா, எதுவும் தெரியாது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்றும் எதிர்வீடு பூட்டிக் கிடந்தது, மறுநாளும் பூட்டிக் கிடந்தது. இன்னும் கெடுத்துவிட்டேனோ என்று சாப்பாடு இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் காலை எதிர்வாசலில் கோலம் இருந்தது. கோலத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். ஆனால் அந்தப் பெண் கண்ணில் படவில்லை. சமாதானமாகித்தான் வந்தாளா, ஊர் வாய்க்குப் பயந்து வந்தாளா, என்மேல் கோபம் இருக்கிறதா, ஒன்றும் தெரியாமல் பகல் முழுக்க ஜன்னலுக்கும் மாடிக்கும் அலைந்தேன்.

சாயங்காலம் பறித்து முடித்து இறங்கும்போது கதவு தட்டும் சத்தம். எதிர்வீட்டுப் பையன் நின்றான். கடையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறான் என்று சட்டைப் பையில் செருகியிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தாலே தெரிந்தது. கையை நீட்டவும் முடியாமல் பையில் விடவும் முடியாமல் நின்றான்.

"பெரியப்பா, மொட்டு இருக்குங்களா? அது கேட்டுச்சு" என்றான். அதுவரை என்னை சார் என்று கூப்பிட்டவன்.

அந்த நசுங்கிய கிண்ணத்திலேயே அள்ளிப் போட்டு அவன் கையில் கொடுத்தேன். அவனுக்குப் பின்னால், எதிர்வீட்டுக் கேட்டில், அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவன் கிண்ணத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, காற்றில் பறந்துவிடுமோ என்பது போலத் தெருவைக் கடந்து போனான்.

இந்தப் பங்குனியிலும் செடி கொட்டுகிறது. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டுப் படவிடுவதில்லை. பாய் வீட்டுக்கு, படத்துக்கு வைப்பதற்கு முன்னாலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். படைத்த பூ அவர்களுக்கு ஆகாது, அவரே வந்து வாங்கிக்கொள்வார். பக்கத்து வீட்டுக்கு, படத்துக்கு வைத்த பிறகு. எதிர்வீட்டுக்கு, சாயங்காலம் பையன் கடையிலிருந்து ஒரு எட்டு வந்துபோகும்போது அவன் கையில். ஒருநாள் வரிசையை மாற்றிவிட்டேன், படத்துக்கு வைத்ததைத் தூக்கி பாயிடம் கொடுக்கப் போய், அவர் சிரித்துக்கொண்டே நாளைக்கு வாங்கிக்கிறேன் என்று போய்விட்டார்.

இத்தனை வருடம் என் மனைவி மூன்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டியதும் தெருவில் இறங்கிவிடுவாள், கால்மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வருவாள். நான் இன்றைக்கும் மாடிப்படியில் நின்று, எது யார் கையிலிருந்து யார் கைக்கு என்று ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இறங்குகிறேன். இவ்வளவையும் அவள் யோசித்துத்தான் செய்தாளா, யோசிக்காமலே செய்தாளா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.